நூற்று இருபதாவது ஆளும் இருபத்து மூன்று சால்வைகளும்

பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கும் கண்ணாயிரம் ஒன்றைச் சொன்னால் அதில் பாதி உண்மையாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடுவார். வெட்டி எண்ணிப் பார்த்தவர் இதுவரை எவருமில்லை.

"சேதி தெரியுமா சார்? கடலூர் முதுநகர்ல ஒரு பொண்ணு புதுசா தனிமம் கண்டுபிடிச்சிருக்குதாம். அரை கிராம் அவுங்க வூட்டு பீரோவுலயே இருக்குதாம். தங்கமெல்லாம் அதுக்கு முன்னாடி தகரம். வித்தா மாவட்டத்தையே வாங்கலாம்."

"யாரு சொன்னாங்க?"

"லாரிக்காரன் சொன்னான். கண்ணால பாத்தவன்."

"எதை? தனிமத்தையா?"

"பீரோவ."

சரி, பாதி உண்மை கிடைத்துவிட்டது, பீரோ இருக்கிறது. மீதிப் பாதியை விசாரித்துப் பத்திரிகையில் எழுத அந்தச் சனிக்கிழமையே கடலூர் பஸ் ஏறினேன். நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் தனிமத்துக்குக் 'கடலூரியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பின் சீட்டில் இருந்த சிதம்பரத்துக்காரர் ஒருவர், பொண்ணு வேலை பார்ப்பது எங்கள் ஊரில், ஆகவே 'தில்லையம்' என்றுதான் வைக்க வேண்டும் என்று சண்டைக்கு நின்றார். ஜெர்மனியில் ஒரு ஊரின் பெயரால் தனிமம் இருக்கிறது, ஜப்பான் பெயரால் இருக்கிறது. நாம் என்ன குறைந்து போய்விட்டோம்?

முதுநகரில் விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஜங்ஷன் போகிற சாலையில் பன்னிரண்டு அடிக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. 'உலகின் 120-வது தனிமத்தைத் தந்த தங்க மகளே!' நடுவில் ஓர் அணுப் படம். சுற்றிவரும் எலக்ட்ரான்களோடு பார்த்தால் இட்லி மாவு கிரைண்டர் போல இருந்தது. இளைஞர் சங்கத் தலைவர் சார்லஸின் முகம் ஐந்து இடங்களில். தங்க மகளின் முகம் ஒரு மூலையில், பாஸ்போர்ட் அளவில். ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே தங்க மகளின் அப்பா செபாஸ்டினின் ஜெராக்ஸ் கடை.

"என்னா சார், ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்றார் செபாஸ்டின்.

வந்த காரியத்தைச் சொன்னேன். மனிதரின் முகம் வாடிவிட்டது. எழுந்து வந்து, கடைக்குப் பின்னால் தட்டியைக் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள தான் இருக்கா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இப்ப என்னாடான்னா இல்லவே இல்லன்றா. திங்கக்கெழம காலேஜுக்கு லெட்டர் குடுக்கப் போறாளாம். சார், தனிமம் இருந்தா என்னா, இல்லாட்டி என்னா. பதினொரு வருசம் கழிச்சி இப்பதான் வேல நெரந்தரமாயிருக்கு. அது இருக்கணும். அத மட்டும் பாத்து எழுதுங்க."

தட்டிக்குப் பின்னால் தாள் கட்டுகளுக்கு நடுவே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார் ஆரோக்கிய அனிதா. நாற்பத்து மூன்று வயது. பக்கத்தில் ஒரு பெரிய பையில் சால்வைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தி, போட்டவர் பெயர் எழுதியிருந்தது. ஆராய்ச்சியாளர் கை என்று அதில் தெரிந்தது.

அனிதாவின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், அவ்வளவாக எதுவும் நடந்துவிடவில்லை. அம்மா புஷ்பமேரி குமராட்சிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். அப்பா ஜெராக்ஸ். மகள் இயற்பியலில் ஒன்பது வருடம் முனைவர் ஆராய்ச்சி செய்தார். தலைப்பு, இன்னும் உண்டாகாத தனிமங்கள். பெண் பார்க்க வந்த விழுப்புரத்துக்காரர்கள், "உண்டானதப் பத்தி எதுவும் படிக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் கிளம்பினார்கள். பிறகு சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. கௌரவம் உத்தரவில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை இறந்துபோகும். ஜூனில் உயிர்த்தெழும், சில வருடம் ஜூலையில்.

புதிய தனிமத்துக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஒரு விநாடியை நூறு லட்சம் கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறு நேரம் உயிரோடு இருந்தால் போதும், தனிமம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

"எப்படிம்மா செய்றாங்க இதை?" என்று கேட்டேன்.

"கூட்டல் கணக்கு தான் சார். குரோமியத்துக்கு அணு எண் இருபத்தி நாலு. கியூரியத்துக்கு தொண்ணூத்தி ஆறு. கூட்டுங்க."

"நூத்தி இருவது."

"பாஸ். ஆனா கணக்குல கூடுறது கருவுல கூடாது."

அனிதா ஆறு மாதம் போயிருந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் செய்தது இதுதான். குரோமியம் அணுக்கருக்களை, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு முடுக்கி, கியூரியம் பூசிச் சுழலும் சக்கரத்தின் மேல் இரவு பகலாக மாதக்கணக்கில் அடிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் உரசிக்கொண்டு பிரிந்து போய்விடும். சேர்ந்தாலும் மறுகணமே பிளந்துவிடும். கோடானுகோடி மோதலில் ஒன்று ஒட்டி நின்றால் உண்டு. ஒன்றுகூட நிற்காமல் அந்த வருடம் முடிவதும் உண்டு.

"சரி, ஒண்ணு நிக்குதுன்னு வெச்சிக்குவோம். அது நூத்தி இருவதுன்னு எப்படித் தெரியும்?"

"நேரா பாக்கவே முடியாது. அது போன பொறவுதான் தெரியும்" என்றார் அனிதா. "நம்ம ஊர்ல தெரியாத ஆள் வந்தா என்னா கேப்போம்? யாரு வூட்டுப் புள்ள, யாரு பேரன்னு கேப்போம்ல? இங்க அது தலைகீழு. பேரன் யாருன்னு தெரியும். அத வெச்சி தாத்தாவ புடிக்கணும்."

நூற்று இருபது ஓர் ஆல்ஃபா துகளைத் துப்பினால் இரண்டு எண் குறைந்து நூற்றுப் பதினெட்டு ஆகும். அது துப்பினால் நூற்றுப் பதினாறு. பிறகு நூற்றுப் பதினாலு. கடைசியில் ஒன்று இரண்டாகப் பிளந்து வம்சம் முடியும். மகனும் பேரனும் எவ்வளவு நேரம் இருப்பார்கள், எவ்வளவு ஆற்றலோடு துப்புவார்கள் என்பது ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிற விஷயம். வந்து விழுகிற கருவைப் பிடிக்க ஒரு டிடெக்டர். அது மெல்லிய பட்டைகளாகப் பிரித்திருக்கும். தாத்தா எந்தப் பட்டையில் விழுந்தாரோ அதே பட்டையில்தான் மகனும் பேரனும் தலைகாட்ட வேண்டும். ஒரே வீடு. பட்டை மாறினால் உறவு இல்லை, யாரோ வழிப்போக்கர்.

ஊர் திரும்பிய பிறகும் பழைய சோதனைக் கோப்புகளைச் சல்லடை போட ஆய்வுக்கூடம் அனிதாவுக்கு அனுமதி கொடுத்திருந்தது. சம்பளமில்லாத வேலை. வகுப்பில்லாத மதியங்களில் அப்பா கடையில் உட்கார்ந்து சலிப்பார். இந்தப் பிப்ரவரியில் சல்லடையில் ஒன்று சிக்கியது. பன்னிரண்டாம் பட்டையில் ஒரு கரு விழுந்திருக்கிறது. அதே பன்னிரண்டில் அடுத்தடுத்து மூன்று ஆல்ஃபா, முடிவில் ஒரு பிளவு. மகன், பேரன், கொள்ளுப்பேரன், எல்லாரும் நேரத்துக்கு ஆஜர்.

மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று வரியில் பதில் வந்தது. 'ஆர்வமூட்டும் நிகழ்வு. வாழ்த்துகள். நாங்களும் சரிபார்க்கிறோம்.'

இதை அப்பா கடையில் ஒரு பிரதி எடுத்ததுதான் அனிதா செய்த முதல் தவறு. அந்தக் கடையில் எந்தத் தாளும் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்ததில்லை. செபாஸ்டின் நாற்பது பிரதி எடுத்தார். இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் கோடிட்டார். மூன்றாவது வரி மடிப்பில் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பு, மறுநாள் சார்லஸின் ஃப்ளெக்ஸ், அந்த வாரமே கல்லூரியில் பாராட்டு விழா. தாளாளர் மேடையிலேயே நிரந்தரப் பணி உத்தரவை நீட்டினார். 'தனிமக் கண்டுபிடிப்பைப் பாராட்டி' என்று முதல் வரியே சொன்னது. மொத்தம் இருபத்து மூன்று சால்வைகள்.

சால்வைக்கு வசதியில்லாத ஓர் ஆளும் இருந்தார். முதுநகர்-சிதம்பரம் ஓடும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் காத்தவராயன். அனிதா பதினொரு வருடமாகப் பெரும்பாலும் நின்றுகொண்டே போகிற பஸ் அது. காத்தவராயன் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரச் சீட்டில் தன் துண்டை விரித்தார். "இனிமே இது டீச்சர் சீட்டு. எவனும் குந்தப்படாது" என்று பஸ்ஸுக்கே அறிவித்தார்.

பாராட்டு முடிந்து மூன்றாம் ஞாயிறு. தவக்காலம். குமராட்சியிலிருந்து தாய்மாமன் அனுப்பிய அரிசி மூட்டையை புஷ்பமேரி படியால் அளந்து டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நெல் அளக்கிற வீடுகளில் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அனிதாவுக்கும் அதே பழக்கம். பரீட்சைத் தாள் எண்ணினாலும் லாபம், ரெண்டு, மூணுதான். டிடெக்டர் பட்டைகளை எழுதிய நோட்டிலும் முதல் பட்டைக்கு 'லா' என்றுதான் எழுதியிருந்தார். தட்டில் இருந்த தோசையை விட்டுவிட்டு எழுந்து போய் அந்த நோட்டை எடுத்தார்.

கரு விழுவதைப் பதிகிற கோப்பு, முதல் பட்டையைப் பூஜ்யம் என்று எண்ணும். ஆகவே அதில் பதினொன்று என்று இருந்தால் உண்மையில் பன்னிரண்டாம் பட்டை. அனிதா சரியாக ஒன்று கூட்டியிருந்தார். ஆனால் ஆல்ஃபாவைப் பதிகிற கோப்பு முதல் பட்டையை ஒன்று என்றே எண்ணும். அதில் பதினொன்று என்றால் பதினொன்றேதான். கோப்பு பூஜ்யத்தில் தொடங்குகிறதா ஒன்றில் தொடங்குகிறதா என்று பார்க்காமல், எதுவாயிருந்தாலும் முதலாவது லாபம்தானே என்ற பழக்கத்தில் அதற்கும் ஒன்று கூட்டிவிட்டிருந்தார். தாத்தா பன்னிரண்டாம் வீட்டில் விழுந்திருக்கிறார். மகன், பேரன் என்று நினைத்தவர்கள் பதினொன்றாம் வீட்டுக்கு வெவ்வேறு ஜோலியாக வந்துபோன வழிப்போக்கர்கள். தாத்தாவே தாத்தா இல்லை.

"ஏண்டி, தோச ஆறுதே" என்றார் புஷ்பமேரி.

"அம்மா, நீ எப்பவாச்சும் பூஜ்யத்துலேந்து அளந்திருக்கியா?"

"வெறும் படிய எவடி அளப்பா?"

ஆய்வுக்கூடத்தில் யாரும் இன்னும் சரிபார்க்கத் தொடங்கியிருக்கவில்லை. அனிதா தாமே எழுதினார். உடனே பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, அடுத்த சோதனையின் கோப்புகளை வேறொரு குழு பார்த்துக்கொள்ளும், இனி உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம். மறுநாள் மடிக்கணினியில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. இந்தக் கடிதத்தைச் செபாஸ்டின் பிரதி எடுக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அனிதா, "திங்கக்கெழம வாங்க சார். எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க" என்றார்.

திங்கட்கிழமை தாளாளர் அறையில் அனிதாவோடு என்னையும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர், பாராட்டத்தான் வந்திருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். தாளாளர் அனிதாவின் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, இருக்குன்னு சொன்னப்போ யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார். அத பாக்க முடியாது."

"அப்ப இல்லன்னு சொன்னா மட்டும் யாரு பாக்கப் போறா? வுடு."

"சார், அது தப்பு. அறிவிப்புப் பலகையில போடணும். உத்தரவுல முதல் வரியே அதான் இருக்கு."

"அட்மிஷன் நேரம்மா. பேருந்து பின்னாடியெல்லாம் 'தனிமம் தந்த கல்லூரி'ன்னு ஒட்டியாச்சு. ஜூலை வரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமே, என்னா இப்போ? யாரு வூட்டு சோத்துல மண்ணு விழுது?"

"அது ஜூலை வரைக்கும் இருக்கற ஜாதி இல்ல சார். ஒரு செகண்டு கூட இல்ல."

தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்தார். "யோசிச்சி சொல்லும்மா. வாய மூடிக்கினு இருந்தா இந்த உத்தரவு இருக்கும். கடுதாசி இருந்தா உத்தரவு இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் என் மேசையில இருக்கும்."

சுவர்க் கடிகாரம் ஒன்றிருந்தது, ஓடவில்லை. அனிதா பையைத் திறந்து உத்தரவை எடுத்தார். லேமினேஷன் செய்திருந்தது, அப்பா கை. அதைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். மேசை மேல் இருந்த இரண்டையும் தாளாளர் பார்த்தார். உத்தரவை மட்டும் இழுப்பறையில் போட்டுக்கொண்டார். கடிதம் அறிவிப்புப் பலகைக்குப் போகவேயில்லை. டீ கோப்பையின் கீழ் வைத்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஏப்ரல் முழுக்க அனிதா சால்வைகளைத் திருப்பிக் கொடுத்தார். யாராவது கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எவரும் கோபிக்கவில்லை.

"அக்கா, சால்வைய திருப்பிக் குடுத்தா சங்கத்துக்கு அசிங்கம்" என்றார் சார்லஸ்.

"இல்லாததுக்கு வாங்கினா எனக்கு அசிங்கம்ப்பா."

"இருக்கறதுக்கு நாங்க எப்ப போட்டிருக்கோம்? போட்டது போட்டாச்சி, வெச்சிக்க." கடைசியில் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அதே சால்வை, ஓரத்து மஞ்சள் கறையோடு, வேறொருவர் தோளில் ஏறியதை நான் பார்த்தேன். ஒரு வீட்டில், "எங்களது பச்சை பார்டர், இது வேற யாருதோ" என்று சண்டை பிடித்துச் சீட்டைக் காட்டச் சொன்னார்கள். இன்னொரு வீட்டுப் பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"காணாம போயிடுச்சா?"

"இல்லவே இல்ல பெரியப்பா."

"யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல. மொதல்லேந்தே இல்ல."

"வெளிநாட்டுக்காரன் தானே? எனக்குத் தெரியும்மா. நீ பயப்படாத."

இருபத்து மூன்றும் போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டிலாவது அவர் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. ஃப்ளெக்ஸைக் கழற்ற சார்லஸுக்கு மனம் வரவில்லை. மே மாதக் காற்று கழற்றியது. இப்போது ஒரு மீன் கடைக்குக் கூரையாக இருக்கிறது. ஐந்து சார்லஸும் வானத்தைப் பார்க்கிறார்கள். அனிதாவின் மூலையைக் கிழித்துத்தான் கம்பத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள்.

ஜூன் போய் ஜூலையில் வேலை உயிர்த்தெழுந்தது, பாதி உயிரோடு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வகுப்பு, பழைய கௌரவம். நிரந்தர இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். மீதி நாட்களில் அனிதா அப்பா கடையில் பிரதி எடுக்கிறார். தட்டிக்குப் பின்னால் மடிக்கணினி இல்லை. செபாஸ்டின் என்னோடு பேசுவதில்லை. நான் பார்த்து எழுதவில்லை என்று வருத்தம். பண்ருட்டியில் கண்ணாயிரத்தை மறுபடி பார்த்தேன். "பீரோவோட தூக்கிட்டானுங்களாம் சார்" என்றார்.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை அதே பஸ்ஸில் போனேன். பருவமழை நாள், உள்ளே மூச்சுவிட இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரச் சீட்டில் துண்டு விரித்திருந்தது. அதன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அனிதா நின்றார்.

"குந்துங்க டீச்சர்" என்றார் காத்தவராயன்.

"எத்தன தடவ சொல்றது அண்ணே? அந்தக் கணக்கு தப்பு. நான் மூணு வாரம் குந்திக்கினு போனதே உங்களுக்குக் கடன். அத எப்படித் திருப்பறதுன்னு சொல்லுங்க."

"எனக்கு சீட்டு எதுக்கு? நான் நின்னு பொழைக்கிறவன்."

"அப்ப வேற யாரையாச்சும் குந்தச் சொல்லுங்க."

"குடுத்தத வாங்கி இன்னொருத்தனுக்குக் குடுக்கறதா? அந்தப் பழக்கம் நமக்கு இல்ல."

"தனிமம் இல்லண்ணே."

"எனக்கு அது இருந்தப்பவே புரியல டீச்சர். டிக்கெட், டிக்கெட்."

ஆலப்பாக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். சீட்டைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், காத்தவராயனைப் பார்த்தாள், நகர்ந்து போனாள். அனிதா துண்டை எடுத்து மடித்து அவளைக் கூப்பிட்டார். வேணாங்க, கண்டக்டர் கத்துவாரு என்று அவள் வரவில்லை. துண்டை மறுபடி விரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அனிதா நின்றார். புதுச்சத்திரம் போயிற்று, பி.முட்லூர் போயிற்று. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் பஸ் குலுங்கியபோது அறுபது பேர் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். அந்தச் சீட்டில் மட்டும் யாருமில்லை.